கொடி அறியும் மண்

நுழையும்முன்

ஒரே வகைக் கொடி, ஒரே ஆண்டு, ஒரே உழவர். இரு தோட்டங்களுக்கும் இடையில் இருப்பது ஒரு வண்டிப்பாதை மட்டுமே. ஆயினும் பாதைக்கு மேற்புறம் விளைந்த பழத்தின் மதிப்பு, கீழ்ப்புறம் விளைந்ததைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கிறது. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் இது நாள்தோறும் காணும் காட்சியாகும். இவ்வேறுபாட்டை உண்டாக்குவது எது? மண்ணா, காற்றா, வெயிலா, மனிதரின் நம்பிக்கையா? திராட்சைக்கொடியின் வழியே நிலத்தையும் காலத்தையும் படித்தறிய முயல்கிறது இக்கட்டுரை. இங்குப் பேசப்படுவது குடியைப் பற்றியன்று, கொடியைப் பற்றியே.

நிலமும் பொழுதும்

அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஒரு நிலத்தின் மரமும் மாவும் புள்ளும் தொழிலும் உணவும் அம்முதலிலிருந்து கருக்கொள்பவை. ஆதலின் அவை கருப்பொருள் எனப்பட்டன. தொல்காப்பியர் நோக்கியது கவிதையை, வேளாண்மையை அன்று. எனினும், விளைபொருள் ஒன்று தான் பிறந்த இடத்தின் இயல்பைத் தன்னுள் கொண்டிருக்கும் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. விருப்பாச்சி மலைவாழையைச் சமவெளியில் நட்டால் அதே மணம் வாய்ப்பதில்லை என்பதை அதனை விளைவிப்போர் அறிவர்.

பிரெஞ்சு மொழியில் இவ்வெண்ணத்தைக் குறிக்க ‘தெர்வார்’ என்றொரு சொல் உண்டு. மண், அடிப்பாறை, சரிவு, வடிகால், வெயில், மழை, அவ்விடத்து மக்களின் பயிரிடும் வழக்கம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிப்பது அச்சொல். அதனை ‘மண்’ என்று மட்டும் மொழிபெயர்ப்பது பாதிப் பொருளையே தரும். ‘திணை’ என்பது அதற்கு நெருங்கிய சொல்லாக எனக்குத் தோன்றுகிறது.

பெரும்பொழுதின் கணக்கு

ஒயின் செய்யப் பயன்படும் திராட்சை வகைகளுள் பெரும்பாலானவை ‘வைட்டிஸ் வினிபெரா’ என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தை ஒயினுக்காக வளர்க்கும் புகழ்பெற்ற பகுதிகளை உலக வரைபடத்தில் குறித்தால், அவை பெரும்பாலும் இரு அரைக்கோளங்களிலும் 30 முதல் 50 பாகை அட்சக்கோடுகளுக்குள் அமைவதைக் காணலாம். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், கலிபோர்னியா ஆகியவை வடக்கிலும், சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவை தெற்கிலும் இவ்வளையத்துள் அடங்கும்.

இதற்குக் காரணம் கொடியின் ஆண்டுச் சுழற்சியாகும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடி, அன்றாடச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியசைக் கடக்கும்போது விழித்துத் துளிர்விடுகிறது. பின் பூத்து, காய்த்து, வெயிலை உண்டு பழுக்கிறது. மீண்டும் குளிர் வருமுன் இவையனைத்தும் முடிந்தாக வேண்டும்.

எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை எண்ணால் அளக்க முடியுமா என்று கேட்டவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமரைன், விங்க்ளர் என்னும் இரு அறிஞர்கள். 1944-இல் அவர்கள் முன்வைத்த முறை எளிமையானது. ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அக்டோபர் இறுதிவரை, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்தும் 10 பாகையைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். ஒருநாள் சராசரி 18 பாகையெனில் அந்நாள் தந்தது 8 அலகு. பருவம் முழுவதும் சேர்ந்த தொகை ஏறத்தாழ 1390-க்குள் இருப்பின் அது முதல் மண்டலம். 2220-ஐத் தாண்டினால் ஐந்தாம் மண்டலம். முதல் மண்டலத்தில் விரைந்து பழுக்கும் வகைகள் மட்டுமே தேறும். ஐந்தாம் மண்டலத்தில் எல்லாம் பழுக்கும். ஆனால் நுட்பமான மணம் நிற்பதரிது.

குளிரே இல்லாத நிலத்தில் கொடி என்ன செய்யும்? இதற்கு விடை காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 10 பாகை வட அட்சக்கோட்டில் உள்ளது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதிக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது அங்கு வழங்கும் செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கல்தூண் பந்தல்களில் படரும் அக்கொடிக்கு உறங்கும் பருவமே இல்லை. எனவே உழவர் கவாத்து செய்து அதனை மீண்டும் துளிர்க்க வைக்கின்றனர். கத்தரிக்கோலே அங்குக் குளிர்காலம். ஒருவர் தோட்டத்தில் பூவும் அடுத்தவர் தோட்டத்தில் பழமுமாக ஆண்டு முழுவதும் அறுவடை நடைபெறும் அரிய திராட்சைப் பகுதி அது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வெப்பநாட்டுக் கொடிக்கு வேறோர் அச்சம் உண்டு. பழுக்கும் வேளையில் பெருமழை பெய்தால் பழம் வெடித்து அழுகிவிடும்.

சிறுபொழுதும் சரிவும்

பெரும்பொழுது போன்றே சிறுபொழுதும் பழத்தை ஆள்கிறது. பகல் வெயிலில் இலை சர்க்கரையை ஆக்குகிறது. அதே வெப்பம் காயிலுள்ள புளிப்பை எரித்துக் கரைக்கிறது. இரவும் வெப்பமாகவே இருந்தால் இனிப்பு மிகுந்து புளிப்பு குன்றிய பழம் கிடைக்கும். பகல் வெம்மையும் இரவுக் குளிர்ச்சியும் மாறிமாறி வரும் இடத்தில் இரண்டும் நிறையுறும். அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் ஆண்டிஸ் மலையடிவாரத்தின் உயரமான இடங்களை உழவர்கள் தேடிச் செல்வதன் பொருள் இதுவே.

செருமனியின் மோசல் ஆற்றங்கரை இதற்கு நேர்மாறான சிக்கலைக் கொண்டது. ஏறத்தாழ 50 பாகை அட்சக்கோட்டில், கொடி வாழக்கூடிய எல்லையில் அமைந்தது அப்பகுதி. அங்கு வெயில் ஒவ்வொரு துளியும் பொன். ஆறு வளைந்து வளைந்து ஓடுவதால் தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகள் பல உருவாகியுள்ளன. சாய்ந்து வரும் கதிரைச் சரிவு நேருக்கு நேர் வாங்குகிறது. ஆற்றுநீர் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சரிவெங்கும் பரந்து கிடக்கும் கரிய பலகைக்கல் பகலில் சூடேறி, இரவில் அதனைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. ‘ரீஸ்லிங்’ என்னும் மெல்லப் பழுக்கும் வெண்திராட்சை அக்டோபர் வரை காத்திருந்து கனிவது இம்மூன்றின் துணையால்தான்.

அதற்கு மனிதர் தரும் விலை சிறிதன்று. பிரெம் என்னும் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்தானது. அங்கு எந்த உழுபொறியும் ஏறாது. மழையில் சரிந்துவிழும் கல்லை உழவர்கள் முதுகில் சுமந்து மீண்டும் மேலே கொண்டுசென்று பரப்பிய காலமும் உண்டு. நிலத்தின் கொடை என நாம் போற்றுவதில் எவ்வளவு பங்கு தோள்களுடையது என்பதை மோசல் நினைவூட்டுகிறது.

பர்கண்டியின் சுவர்

தொடக்கத்தில் கண்ட வண்டிப்பாதைக்குத் திரும்புவோம். தீஜோன் நகரின் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. நீளத்திற்குக் கிழக்கு நோக்கிய ஒரு குறுகிய மலைச்சரிவு ஓடுகிறது. அதன் அடிப்பாறை, டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையும் சுண்ணக்களியும் ஆகும். அப்படுகைகள் உடைந்தும் சாய்ந்தும் கிடப்பதால், சில அடி தொலைவிலேயே மண்ணின் ஆழமும் களியின் அளவும் மாறிவிடுகின்றன.

1098-இல் சீத்தோ என்னுமிடத்தில் நிறுவப்பட்ட மடத்தின் துறவியர் இச்சரிவில் கொடி வளர்த்தனர். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் பணிசெய்து, எத்துண்டு எவ்வாறு விளைகிறது என்பதை உற்றுநோக்கினர். பனி முதலில் உருகுவது எங்கே, நீர் தேங்குவது எங்கே, பழம் முந்துவது எங்கே என்றெல்லாம் கண்டறிந்து நிலத்தைப் பிரித்தனர். அவர்கள் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்தனர் என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். அவ்வாறு பிரிக்கப்பட்ட துண்டுகள் ‘கிளிமா’ எனப்படுகின்றன. பருவநிலையைக் குறிக்கும் சொல்லே அங்கு வயலின் பெயராகிவிட்டது. தனிப்பெயருடைய 1247 கிளிமாக்களைக் கொண்ட இந்நிலப்பகுதி 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

துறவியர் கற்சுவர் எழுப்பி வளைத்த தோட்டங்களுள் பெரியது குளோ த வூழோ. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடைய அது, பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் அரசால் விற்கப்பட்டுக் காலப்போக்கில் பலர் கைக்கு மாறியது. சுவருக்குள் இருக்கும் நிலம் முழுவதற்கும் சட்டம் ஒரே உயர்தகுதியை அளிக்கிறது. ஆனால் கொடி அச்சட்டத்தை மதிப்பதில்லை. மேற்பகுதியில் மெல்லிய மண்ணும் விரைந்து நீர்வடியும் சுண்ணாம்புப் பாறையும் உள்ளன. கீழ்ப்பகுதியில் ஆழ்ந்த களியும் ஈரமும் உள்ளன. மேற்பகுதிப் பழமே சிறந்தது என்பது நெடுங்காலக் கருத்து. பொதுவாகவே அச்சரிவின் உச்சியில் மண் குறைவு, குளிர்காற்று மிகுதி. அடியில் நீர்த்தேக்கமும் உறைபனியும் மிகுதி. கனமான குளிர்காற்று இரவில் வழிந்து பள்ளத்தில் தங்கிவிடும். எனவே நடுச்சரிவே ‘பினோ நுவார்’ என்னும் மென்மையான கருந்திராட்சைக்கு ஏற்ற இடமாயிற்று.

கல் சுவைக்குமா?

சுண்ணாம்பு நிலத்துப் பழத்தில் சுண்ணாம்பின் சுவையும், பலகைக்கல் நிலத்துப் பழத்தில் கல்லின் மணமும் இருப்பதாகப் பலர் எழுதுகின்றனர். கேட்க இனிமையாக உள்ளது; ஆனால் அறிவியல் இதனை ஏற்பதில்லை. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த சிறிதளவு உப்புகளை மட்டுமே. பாறை பழத்திற்குள் ஏறுவதில்லை. மண மூலங்களைக் கொடி தன் இலையிலும் காயிலும் தானே ஆக்கிக்கொள்கிறது.

அப்படியாயின் மண் செய்வது யாது? போர்தோ நகர அறிஞர் ஜெரார் செகான் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்தார். சிறந்த தோட்டங்களின் மண்ணில் பொதுவான வேதிப்பொருள் எதையும் அவர் காணவில்லை. சரளை, களி, சுண்ணாம்பு என அவை வெவ்வேறாக இருந்தன. பொதுவாக இருந்தது ஒன்றே. அவை கொடிக்கு நீரை அளவோடு வழங்கின. மிகுமழையை வடித்தன, வறட்சியில் கைவிடவில்லை.

கொடிக்குச் சிறிது தாகம் நல்லது. காய் பருக்கும் பருவத்தில் நீர் சற்றே குறைந்தால், தளிர் நீள்வது நின்று ஆற்றல் கனிக்குத் திரும்புகிறது. பழம் சிறுக்கிறது, சாற்றை நோக்கத் தோலின் பங்கு கூடுகிறது. நிறமும் மணமும் பெரிதும் தோலில்தான் உள்ளன. நெல்லுக்கு உரியது வண்டல்; வண்டலில் நட்ட திராட்சையோ இலையாய்ச் செழித்துக் கனியில் நீர்த்துப்போகும்.

போர்தோவின் மெடாக் பகுதி ஆறுகள் உருட்டிவந்த கூழாங்கல் மேடுகளால் ஆனது. பிறபயிருக்கு உதவாத அச்சரளையில் நீர் நிற்பதில்லை. கல் சூடேறுவதால் நிலமும் விரைவில் வெம்மை பெறுகிறது. தாமதமாகப் பழுக்கும் ‘கபெர்னே சோவிஞோன்’ அங்குச் செழிக்கிறது. ஆற்றின் மறுகரையில் ஈரமும் குளிர்ச்சியும் கொண்ட களிமண்; அங்கு முந்திப் பழுக்கும் ‘மெர்லோ’ மேலோங்குகிறது. வானம் ஒன்றே, மண் வேறு, எனவே கொடியும் வேறு.

தெரிந்து தெளிவோம்

யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் அருந்துவதை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியின் ‘ஆம்போரா’ என்னும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன.

சாம்பலில் ஒரு தோட்டம்

ஆப்பிரிக்கக் கரையருகே, அட்லாண்டிக்கில் ஸ்பெயினுக்கு உரிய லான்சரோட்டே என்னும் தீவு உள்ளது. 1730 முதல் 1736 வரை அங்கு எரிமலை வெடித்துத் தீவின் வளமான வயல்களைக் கரிய சாம்பலால் மூடியது. ஆண்டு மழை ஏறத்தாழ 150 மி.மீ. மட்டுமே, அது தமிழகத்தின் சராசரியில் ஆறில் ஒரு பங்கும் இல்லை. ஆறு இல்லை. கடற்காற்றோ ஓயாது வீசுவது. வயல் இழந்த மக்கள் என்ன செய்திருப்பர்?

அவர்கள் சாம்பலைத் தோண்டினர். பழைய மண்ணை வேர் எட்டுமளவு பள்ளம் பறித்து, பள்ளத்திற்கு ஒரு கொடி வீதம் நட்டனர். காற்று வரும் திசையில் அரைவட்டமாகத் தாழ்ந்த கற்சுவர் வைத்தனர். அப்போது ஒன்றை உணர்ந்தனர். நுண்துளை நிறைந்த அச்சாம்பல் இரவு ஈரத்தை வாங்கிக் கீழே இறக்குகிறது; பகலில் கீழுள்ள ஈரத்தை ஆவியாக விடாமல் மூடிக்காக்கிறது. வயலை அழித்த சாம்பலே நீர்காக்கும் போர்வையாயிற்று. லா கேரியா எனப்படும் அப்பள்ளத்தாக்கில் இன்றும் ஆயிரக்கணக்கான பள்ளங்களில் கொடிகள் வாழ்கின்றன. பொறி நுழைய இயலாத அங்கு வேலை முழுவதும் கையால்தான்.

அயல்நாட்டு வேர்

மண்ணுக்கும் கொடிக்குமுள்ள உறவு தொன்மையானது என்று பேசுவோர் பலர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ‘பிலாக்சிரா’ என்னும் நுண்பூச்சி, பிரான்சின் கொடிகளை வேரிலிருந்து தின்றழித்தது. வாடிய கொடியின் வேரில் அப்பூச்சியை 1868-இல் கண்டவர்களுள் மொம்பெலியே நகரத் தாவரவியலாளர் பிளாஞ்சோன் ஒருவர். அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அப்பூச்சியைத் தாங்கும் என்பதால், அவ்வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினர். ஆனால் அமெரிக்க வேர்கள் பல, சுண்ணாம்பு நிலத்தில் இலை மஞ்சளித்து வாடின. 1887-இல் வியாலா என்னும் அறிஞர் சுண்ணாம்பைத் தாங்கும் இனத்தைத் தேடி அமெரிக்கா சென்றார். டெக்சாசின் சுண்ணாம்பு மலைகளில் வளரும் இனத்தை, அங்கு வாழ்ந்த மன்சன் என்னும் தோட்டக்கலை அறிஞர் அவருக்குச் சுட்டினார். இன்று பர்கண்டியின் புகழ்பெற்ற கொடிகளும் அயல்நாட்டு வேரில் ஊன்றியே நிற்கின்றன.

முந்திவரும் அறுவடை

பர்கண்டியின் போன் நகரில் கூலி கொடுத்த கணக்குகளும் நகரவையின் குறிப்புகளும் பல நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு 1354 முதல் 2018 வரையிலான அறுவடை நாள்களை வரலாற்றாய்வாளர் தோமா லபேயும் உடன் பணியாற்றியோரும் திரட்டி 2019-இல் வெளியிட்டனர். கூலிக்கணக்கு எழுதியவர் தாம் பருவநிலையைப் பதிவு செய்வதாக எண்ணியிருக்கமாட்டார். ஆனால் பழம் என்று பழுத்தது என்பது அவ்வாண்டின் வெப்பத்தைச் சொல்லும் அளவுகோலன்றோ? 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-இல் தொடங்கிய அறுவடை, 1988-க்குப்பின் சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. கடும் வெப்ப அலை வீசிய 2003-இல் அது ஆகஸ்டிலேயே தொடங்கியது.

முந்திப் பழுப்பது நன்மைதானே எனத் தோன்றலாம். இனிப்பு விரைந்து ஏறுகிறது. ஆனால் தோலின் நிறமும் மணமும் அதே விரைவில் முதிர்வதில்லை. புளிப்பும் குன்றுகிறது. மற்றொரு தீங்கு வசந்தத்தில் வருகிறது. இளவெப்பத்தை நம்பிக் கொடி முன்னதாகவே துளிர்த்துவிட, பின்னர் வரும் உறைபனி அத்துளிரைக் கருக்குகிறது. 2021 ஏப்ரலில் பிரான்சின் பல பகுதிகளில் இவ்வாறு நேர்ந்தது. உழவர்கள் இரவெல்லாம் கொடிவரிசைகளுக்கு இடையே பெருமெழுகுவத்திகளை ஏற்றிவைத்துக் காத்தனர். அப்படியும் பெரும்பகுதி கருகியது.

காலநிலை இடம்பெயர்கிறது, மண் பெயர்வதில்லை. ஷாம்பேன் பகுதியின் வெண்சுண்ணம் கடல்கடந்து தென்னிங்கிலாந்திலும் உண்டு. முன்பு குளிரால் ஒதுக்கப்பட்ட அந்நிலத்தில் இன்று கொடிகள் பரவுகின்றன. ஷாம்பேன் நிறுவனம் ஒன்று 2015-இல் கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கியது. பணம் உடைய நிறுவனம் நிலம் மாறலாம். மூதாதையர் சரிவில் நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் எங்குச் செல்வார்? 1935-இல் உருவான பிரெஞ்சு இடக்குறியீட்டு முறை, எப்பகுதியில் எவ்வகைக் கொடி நடலாம் என்பதையும் வரையறுக்கிறது. ஊர்ப்பெயரைப் போலிகளிடமிருந்து காத்த அவ்விதி, இப்போது உழவரின் கையைக் கட்டுவதாகவும் ஆகியிருக்கிறது.

போர்தோ சிறிது நெகிழ்ந்தது. வெப்பத்தையும் நோயையும் தாங்கவல்ல ஆறு புதிய வகைகளுக்கு 2021-இல் அங்கு இசைவளிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று போர்ச்சுகல் நாட்டின் ‘தூரிகா நசியொனால்’. ஒருவர் தம் தோட்டத்தில் 5 விழுக்காட்டுப் பரப்பில் மட்டுமே அவற்றை நடலாம். கலவையில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. நட்ட கொடி முதற்பலன் தர மூன்று ஆண்டுகள் ஆகும். பின்னர் முப்பது, நாற்பது ஆண்டுகள் நின்று விளையும். இன்று போத்து நடும் உழவர், தாம் காணாத ஒரு வெயிலுக்காக வகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் புவிசார் குறியீடு பெற்ற விளைபொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் மண், நீர், பருவம் ஆகியவற்றை உழவர் ஒருவரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. ‘கொடிக்குச் சிறிது தாகம் நல்லது’ – இக்கூற்றை நெல்லின் தேவையோடு ஒப்பிட்டு விளக்குக.

3. உங்கள் ஊரில் மாமரம் பூக்கும் காலம் மாறியுள்ளதா? மூத்தோர் நினைவுகளைத் திரட்டி வகுப்பில் கலந்துரையாடுக.